பெரிய கார் பிரேக்கை சின்ன காரில் மாட்டலாமா? செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆர்.கே.பேட்டை, திருத்தணி பக்கம் இருந்து திருமலைக்கு காரில் போய் வருபவர்களில் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். மலை இறங்கும்போது பாதி வழியில் பிரேக் சூடாகி, பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சரியா நிக்காது. ஊர் திரும்பியதும் வரும் யோசனை, 'சென்னை புதுப்பேட்டையில பெரிய வண்டியோட பிரேக் செட்டை வாங்கி மாட்டிட்டா என்ன?' என்பதுதான். பலேனோ ஆர்எஸ் போல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வந்த கார்களைப் பார்த்தால் அந்த ஆசை இன்னும் கூடும்.

பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டைத் தாங்கும், அது உண்மை. 40 கி.மீ. வேகத்தை விட 80 கி.மீ. வேகத்தில் நிறுத்தும்போது 4 மடங்கு சூடு உருவாகும். ஆனால் ஒரே ஒரு முறை சடன் பிரேக் அடித்தால் வண்டி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது டயரின் பிடிதான். சக்கரத்தை லாக் பண்ணும் பலம் இப்போதே உங்கள் பிரேக்குக்கு இருந்தால், பெரிய டிஸ்க் போட்டாலும் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது.

சிக்கல் எங்கே?

பிரேக் அடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரங்கள் லேசாகும். அதனால்தான் கம்பெனியே பின்பக்கம் குறைவான பிரேக் கொடுக்கிறது. பின்னாடி வேறு மாடல் டிஸ்க்கைப் போட்டு பலத்தைக் கூட்டினால், மழை ரோட்டில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். ஹேண்ட்பிரேக் வசதி இல்லாத காலிப்பரை மாட்டிவிட்டு, அப்புறம் ஹேண்ட்பிரேக்குக்கு வழி தேடுவதும் நடக்கிறது.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். 20.64 மி.மீ. சிலிண்டருக்குப் பதில் 22.22 மி.மீ. போட்டால், அதே பலத்தில் மிதிக்கும்போது பிரஷர் சுமார் 14% குறையும். பெடல் 'கல்லு மாதிரி' இருக்கும். ஓட்டுபவர் அதையே நல்ல பிரேக் என்று நினைத்துக்கொள்வார்! முன்பக்கம் பெரிய காலிப்பர் போட்டால் 13 இன்ச் ரிம்முக்குள் இடிக்கவும் வாய்ப்பு உண்டு.

2019 ஏப்ரல் முதல் எல்லா புது கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த கம்ப்யூட்டர் ஒரிஜினல் பிரேக்கின் அளவுக்கு செட் செய்யப்பட்டது. பார்ட்ஸை மாற்றினால் அதன் கணக்கும் தப்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்தால், விபத்துக்குப் பின் க்ளெய்மில் தகராறு வரலாம்.

அப்போ மலை இறக்கத்துக்கு என்ன வழி?

பக்கத்து சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பு ஆலை இருக்கிறது. ஆனால் உங்கள் வண்டிக்குத் தேவை புது வார்ப்பு அல்ல, பெரும்பாலும் புது பிரேக் ஆயில்தான். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கும். கொதித்தால் குமிழி வந்து பெடல் உள்ளே போகும். எனவே 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்ல கம்பெனி பேட், தேயாத டயர், இறக்கத்தில் இரண்டாவது கியர், இவ்வளவு போதும்.

பழைய டிஸ்க்தான் வேணும்னா, உங்கள் மாடலுக்கே உரியதை மட்டும் பாருங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்ச தடிமன் மி.மீ.யில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து அதைவிடக் குறைவாக இருந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.