அறுந்த இழையும் ஆராய்ச்சியின் எடையும்



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால், ஒரு பட்டுத் தறியருகே சற்று நேரம் நின்று பாருங்கள். பல ஆயிரம் இழைகள் பாவாக நீண்டு கிடக்கும். நெசவாளி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டா நெய்கிறார்? இல்லை. நம்மோடு பேசிக்கொண்டே நாடாவை ஓட்டுகிறார். ஆனால் ஓர் இழை அறுந்தால் போதும், கை நின்றுவிடும். நம் கண்ணுக்கோ அது தெரியவே தெரியாது!

இந்தத் திறமையைப் புரிந்துகொள்ள உதவும் கருத்து ஒன்று 1999-இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட இருவரில் ஒருவர் ராஜேஷ் ராவ். நம் நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து அமெரிக்கா சென்றவர். சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக் கழகப் பேராசிரியர். மூளையையும் கணிப்பொறியையும் இணைக்கும் நரம்புப் பொறியியலில் பெயர் பெற்றவர். மற்றவர் டானா பல்லார்டு.

கண் படம் பிடிக்கிறது, மூளை அதைப் படிப்படியாக மேலே அனுப்புகிறது என்றே பலர் எண்ணி வந்தார்கள். இவர்களுடைய 9 பக்கக் கட்டுரை வேறு விதமாகச் சொன்னது. மூளையின் மேல்தளம் 'அடுத்து இதுதான் வரும்' என்று ஊகித்துக் கீழே அனுப்புகிறது. கீழ்த்தளம் ஊகத்தையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டுமே மேலே அனுப்புகிறது. ஊகம் பலித்துவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு ஆதாரம்? மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு வகை நரம்புச் செல்கள் உண்டு. சிறு கோட்டைக் காட்டினால் சுறுசுறுப்பாக இயங்கும். அதே கோட்டை நீட்டினால் அடங்கிவிடும். இதை 1960களிலேயே ஹியூபெலும் வீசலும் கண்டிருந்தனர். ராவும் பல்லார்டும் ஒரு கணிப்பொறி மாதிரியை அமைத்து, அதற்கு இயற்கைக் காட்சிகளைக் காட்டிப் பழக்கினர். அதிலும் இதே குணம் தானாகத் தோன்றியது! இயற்கையில் கோடுகள் பெரும்பாலும் நீண்டே செல்லும். ஆகவே நீண்ட கோடு எதிர்பார்த்ததுதான். பாதியில் நிற்கும் கோடுதான் செய்தி. அறுந்த இழை நினைவுக்கு வருகிறதல்லவா? (தறி என் உவமை, அவர்கள் கட்டுரையில் தறி கிடையாது.)

சரி, இக்கட்டுரையின் மதிப்பை எப்படி அளப்பது? ஒரு தறியில் பிறந்த நல்ல புட்டா பல தறிகளுக்குப் பரவுகிறது. ஆய்வும் அப்படித்தான். ஆனால் இங்கே, யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைக் கட்டுரையின் இறுதியில் எழுதியாக வேண்டும். அதுதான் மேற்கோள். மேற்கோள்களை எண்ணி ஓர் அளவுகோலை 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் வகுத்தார். அதற்கு 'ஹெச் எண்' என்று பெயர். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவருடைய ஹெச் எண் 4. ஏனென்றால், நான்கு கட்டுரைகள் குறைந்தது நான்கு முறையாவது எடுத்தாளப்பட்டுள்ளன.

இப்போது அந்த 10 என்பதை 10,000 ஆக்கிப் பாருங்கள். ஹெச் எண் மாறுகிறதா? அதே 4! ராவ்-பல்லார்டு கட்டுரை ஆயிரக்கணக்கான முறை எடுத்தாளப்பட்டது. ஹெச் எண்ணில் அது கூட்டுவது ஒன்றே ஒன்றுதான்.

செய்தித்தாள் புகழ் வேறு கணக்கு. 2013 ஆகஸ்டு 12 அன்று, ராவ் மூளையின் மின்னலைகளை அளக்கும் தொப்பி அணிந்து, கணிப்பொறி விளையாட்டைப் பார்த்தபடி, பீரங்கி சுட வலது கையை அசைப்பதாக மனத்தில் நினைத்தார். வளாகத்தின் வேறோர் இடத்தில் இருந்த ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் தலைமேல் காந்தச் சுருள் ஒன்று இருந்தது. இணையம் வழியே வந்த சைகையால் அது துடிக்க, ஸ்டோக்கோவின் விரல் விசையை அழுத்தியது! உலகமே பேசிற்று. ஆனால் சென்ற செய்தி 'சுடு' என்ற ஒன்றுதான்; எண்ணங்களைப் படிக்கும் வித்தை அல்ல.

2009-இல் அவர் 'சயன்ஸ்' இதழில் சிந்துவெளி எழுத்துகளைப் பற்றியும் எழுதினார். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜாய் அதிகாரி, நம் ஐராவதம் மகாதேவன் ஆகியோரும் அதில் பங்கேற்றனர். குறிகள் ஒன்றையடுத்து ஒன்று வரும் ஒழுங்கை அளந்து, அது மொழிக்குரிய ஒழுங்கை ஒத்திருக்கிறது என்றனர். ரிச்சர்டு ஸ்ப்ரோட் போன்ற மொழியியலார் இதை வன்மையாக மறுத்தனர். மறுப்பவரும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே மறுக்க வேண்டும்? அதுவும் ஒரு மேற்கோள். பாராட்டோடு சேர்த்து அதுவும் எண்ணப்படும். சிந்துவெளி எழுத்தை, எல்லோரும் ஒப்பும்படி, இன்றுவரை யாரும் படித்துவிடவில்லை.