ஜிர்காடாங்கில் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்

டிசம்பரிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் அந்தமானில் கார் ஹீட்டரை யார் தொடப்போகிறார்கள்? ஏ.சி. ஓடினால் போதும் என்பதுதான் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) பலரின் எண்ணம். மழையில் கண்ணாடி மங்கும்போது மட்டும் ஹீட்டர் ஞாபகம் வரும்.

ஆனால் எஞ்சினின் உடல்நிலையைக் காசில்லாமல் சொல்வது அந்த ஹீட்டர்தான். பெட்ரோல், டீசல் கார்களில் பொதுவாக அதற்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைச் சுற்றிவரும் கூலண்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ‘ஹீட்டர் கோர்’ வழியாகவும் ஓடும். அந்தச் சூட்டைத்தான் ப்ளோயர் ஊதுகிறது. எஞ்சின் சூடேறியும் காற்று சுடவில்லையென்றால் முதல் சந்தேகம் கூலண்ட் குறைந்திருப்பது. எஞ்சின் ஆறிய பிறகு டேங்கில் அளவைப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

அளவு சரியென்றால், ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் மெக்கானிக் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் சுட்டால், உள்ளே காற்றைத் திருப்பும் ஃபிளாப் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்று மட்டும் சுட்டால் கோரில் அடைப்பு. கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டிகளுக்கு வரும் துரு நோய். இரண்டும் வெதுவெதுப்பென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம், அல்லது யாரோ அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். ‘வெயில் ஊருக்கு இது எதற்கு?’ என்று கழற்றுவது தவறான வைத்தியம். எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருளைக் குடிக்கும்.

அந்தமான் ட்ரங்க் ரோட்டில் இதெல்லாம் விளையாட்டல்ல. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கி.மீ. ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தவோ இறங்கவோ கூடாது. அங்கே டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் ஓடவிட வேண்டும். கோர் இன்னொரு ரேடியேட்டராகிக் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சின் தப்பும்.

முள் சிவப்பில் நிற்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் நிலைமை மோசம். கூலண்ட் காலியாகியிருக்கும், அல்லது வாட்டர் பம்ப் நின்றிருக்கும். தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

கான்வாய்க்காக ஜிர்காடாங்கில் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும், எஞ்சினை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஹீட்டரைப் போடுங்கள். காற்று சுடவில்லையென்றால் வரிசையில் சேராமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.