கரையில் நின்று எண்ணப்படும் ஓர்க்காக்கள்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வொஷிங்டன் மாநிலமும் கனடாவும் சந்திக்கும் கடற்பகுதியில் சான் ஜுவான் என்றொரு தீவு உண்டு. அதன் மேற்குப் புறத்தில் லைம் கில்ன் முனை இருக்கிறது. முன்பு அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. இன்று பாறைகளும் ஒரு சிறிய வெளிச்சவீடும் இருக்கின்றன. கரையை விட்டதுமே கடல் ஆழமாகிவிடுவதால், ஓர்க்காக்கள் சில வேளைகளில் பாறையிலிருந்து சில மீற்றர் தூரத்திலேயே நீந்திப் போகும். படகு ஏறாமல், ஒரு பிளாஸ்கில் தேநீருடன் உட்கார்ந்தே அவற்றைக் காணலாம். மக்கள் அப்படித்தான் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஓர்க்காவை நாம் கொலைத் திமிங்கிலம் என்கிறோம். உண்மையில் அது டொல்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியது. லைம் கில்னில் காத்திருப்போர் எதிர்பார்ப்பது ‘தெற்கு வதிவாளர்கள்’ எனப்படும் ஒரு கூட்டத்தை. அது ஜே, கே, எல் என்ற மூன்று குழுக்களைக் கொண்டது. ஒவ்வொரு குழுவும் தாய்வழிக் குடும்பங்களால் ஆனது. பிள்ளைகள், ஆண்களும்கூட, ஆயுள் முழுவதும் தாயோடுதான் இருப்பார்கள். 1970களில் கனடாவின் மைக்கல் பிக் என்ற விஞ்ஞானி, முதுகுச் செட்டையின் வடிவத்தையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டையும் வைத்து ஒவ்வொரு ஓர்க்காவையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று காட்டினார். அன்று முதல் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் பெயரும் இருக்கின்றன. யாருடைய பிள்ளை எது, எந்த ஆண்டு பிறந்தது என்பதெல்லாம் பதிவில் உள்ளது.

நம் வகுப்பில் தினமும் வரவு கூப்பிடுவதுபோல, ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். 1995இல் 98 இருந்தன. 2024இல் 73. அமெரிக்கா 2005இலேயே இவற்றை அழிவின் விளிம்பிலுள்ளவை என்று சட்டப்படி அறிவித்துவிட்டது. உலகில் இவ்வளவு நெருக்கமாக அறியப்பட்ட காட்டு விலங்குக் கூட்டங்கள் மிகச் சிலவே. அப்படியிருந்தும் அது குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முதல் அடி மனிதர்களின் வலையால் விழுந்தது. 1960களிலும் 70களிலும் நீர்க் காட்சிச்சாலைகளில் வித்தை காட்டுவதற்காக நாற்பதுக்கு மேற்பட்டவை பிடிக்கப்பட்டன, அல்லது பிடிக்கும்போது இறந்தன. பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் குட்டிகள். 1970இல் பென் கோவ் என்ற குடாவில் பிடிபட்ட டோக்கிடே என்ற பெண் ஓர்க்கா, மயாமியில் ஒரு சிறிய தொட்டியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2023 ஓகஸ்டில் இறந்தது. அதன் சாம்பல்தான் பிறந்த கடலுக்குத் திரும்பியது. ஒரு தலைமுறைக் குட்டிகளை எடுத்துவிட்டால், பின்னர் தாயாகவோ தந்தையாகவோ வேண்டியவையும் போய்விடுகின்றன. அந்த இடைவெளி இன்னும் நிரம்பவில்லை.

இப்போதைய பிரச்சினை பசி. தெற்கு வதிவாளர்கள் மீன் மட்டுமே உண்பவை. அதிலும் கோடை காலத்தில் பெரும்பாலும் சினூக் என்ற சல்மன் இனம். (நாம் கடையில் வாங்கும் ‘செமன்’ டின்னின் பெயர் அந்த மீனிலிருந்து வந்ததுதான், டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன்.) சினூக் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் தான் பிறந்த ஆற்றுக்கே வரும். ஆற்றில் அணை கட்டினால் வழி அடைபடும். கரையோரக் காட்டை வெட்டினால் நீர் சூடாகி முட்டைகள் அழியும். மிதமிஞ்சிய மீன்பிடி வேறு. வருகிற மீன்களும் முன்புபோலப் பருமனாக இல்லை.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அதே கடலே சாட்சி. அங்கே ‘பிக்’ ஓர்க்காக்கள் என்ற இன்னொரு வகையும் திரிகிறது. பெயர் அந்த விஞ்ஞானியினுடையது. அவை மீனைத் தொடுவதில்லை, கடல் நாய்களை வேட்டையாடுகின்றன. 1970களில் கடல் நாய்களைக் கொல்வது தடை செய்யப்பட்ட பின் அவை பெருகின; அவற்றைத் தின்னும் ஓர்க்காக்களும் பெருகின. நீர் ஒன்றுதான், நச்சும் இரைச்சலும் ஒன்றுதான். ஆனால் வயிறு நிறைந்த கூட்டம் வளர்கிறது, நிறையாத கூட்டம் தேய்கிறது.

வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இன்னொரு வழியிலும் கண்டறிந்தார்கள். டக்கர் என்ற நாயைப் படகின் முன்பகுதியில் நிறுத்தி, கடலில் மிதக்கும் ஓர்க்காவின் மலத்தை மோப்பத்தால் தேடவிட்டார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அந்த மலத்திலுள்ள ஓமோன்களிலிருந்து எது கர்ப்பமாக இருக்கிறது, எது பட்டினி கிடக்கிறது என்று அறிய முடிந்தது. 2008க்கும் 2014க்கும் இடையில் ஏற்பட்ட கர்ப்பங்களில் 69 சதவீதம் குட்டி உயிரோடு பிறப்பதில் முடியவில்லை. பசியில் உடற்கொழுப்புக் கரையும்போது, அதில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் பீசீபீ போன்ற நச்சு இரசாயனங்களும் இரத்தத்தில் கலக்கின்றன. பாலூட்டும்போது அவை குட்டிக்குப் போகின்றன.

2018 ஜூலையில் ஜே35, அதாவது டஹ்லெக்வா, ஒரு குட்டியை ஈன்றது. அது அரை மணி நேரமளவில் இறந்துவிட்டது. தாய் அதை விடவில்லை. தலையால் தாங்கியும் தள்ளியும் 17 நாட்கள், ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம், கொண்டு திரிந்தது. விலங்குக்குத் துக்கம் உண்டா என்று அப்போது பலர் விவாதித்தார்கள். பிள்ளையை இழந்த ஒரு தாயைப் பார்த்தவர்களுக்கு அந்த விவாதம் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். 2024இன் இறுதியில் அதே தாய்க்குப் பிறந்த இன்னொரு குட்டியும் சில நாட்களில் இறந்தது. அதையும் தாய் சுமந்தது.

கிழவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் ஓர்க்கா நாற்பது வயதளவில் ஈனுவதை நிறுத்திவிட்டு, மேலும் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. முலையூட்டிகளில் இது மிக அரிது. மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை முன்னின்று வழிநடத்துவது இந்தப் பாட்டிகள்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கே, எப்போது மீன் வரும் என்ற நினைவு அவர்களிடம் இருக்கிறது. ஒரு பாட்டி இறந்தால் இலக்கத்தில் ஒன்று குறைவதோடு அது முடிவதில்லை.

பார்க்கப் போகிறவர்களாலும் இடர் உண்டு. ஓர்க்கா ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே மீனைப் பிடிக்கிறது. படகின் இரைச்சலில் அது குழம்பிப்போகும். அதனால் 2025 முதல் வொஷிங்டன் கடலில் படகுகள் இவற்றிலிருந்து 1,000 யார் தள்ளியே நிற்க வேண்டும் என்பது சட்டம். நமது மிரிஸ்ஸவில் ஒரு நீலத் திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்ளும் காட்சியை நினைத்தால், லைம் கில்ன் பாறையில் அமர்ந்து பார்ப்பதன் அருமை விளங்கும். கரையிலிருந்து பார்ப்பவரால் ஓர்க்காவுக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆனால் லாபமும் இல்லை. அவற்றின் உணவு தீர்மானிக்கப்படுவது அந்தப் பாறையிலிருந்து வெகு தூரத்தில், ஆறுகளில். எல்வா ஆற்றிலிருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றினார்கள்; நூறு ஆண்டுகளாக ஏற முடியாதிருந்த பகுதிக்குச் சினூக் மீண்டும் ஏறியது. ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நான்கு அணைகளைப் பற்றிய வாதம் இன்னும் நடக்கிறது. மின்சாரமும் தானியம் ஏற்றும் படகுப் போக்குவரத்தும் அவற்றை நம்பியிருக்கின்றன. அங்குள்ள விவசாயியின் கவலையும் பொய்யல்ல. இருந்தாலும் மின்சாரத்துக்கு வேறு வழி தேடலாம். சினூக்குக்கு வேறு ஆறு கிடையாது.

ஒரு காலத்தில் கோடையில் ஏறக்குறைய தினமும் லைம் கில்னைக் கடந்து போன இக்கூட்டம், இப்போது வாரக்கணக்கில் வராமலே இருக்கிறது. மீனைத் தேடி வேறு கடலுக்குப் போய்விடுகின்றன. வெளிச்சவீட்டருகே நீருக்கடியில் வைத்திருக்கும் ஒலிவாங்கியில் பல நாட்கள் கேட்பது வன்கூவர் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களின் ஓசைதான்.