மின்தகடு கண்டறியும் காசநோய்

கரும்பு வெட்டும் பருவத்தில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கித் தியாகதுருகம் பக்கம் கூலிக்கு வரும் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலியை இழந்து சுகாதார நிலையத்திற்குச் சென்று சளியைக் கொடுக்கிறார். முடிவறிய இரண்டு நாள் கழித்து வரச் சொன்னால், அதற்குள் அவர் வேறு ஊர்க் கரும்புக்குப் போயிருப்பார். நோயும் உடன் செல்லும். ஆகவே, இந்நோயைப் பொறுத்தவரை சோதனை விரைவாக முடிவதும் சிகிச்சையில் ஒரு பகுதியே எனலாம்.

1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது முதல் நுண்ணோக்கியே நமக்குத் துணை. ஆயினும், ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி அதில் அவை தென்படுவது அரிது. கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கோ பல வாரங்கள் ஆகும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி, கிருமியின் மரபுப் பொருளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். மின்சாரம் தடைப்பட்டாலும் மின்கலத்தில் இயங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இதனை ஏற்றது.

இதனினும் எளிய வழி ஒன்றை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர். சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சிறு பட்டையில் இட்டு அளவு பார்ப்பதை நாம் அறிவோம். இரத்தத்திலுள்ள சர்க்கரை பட்டையிலுள்ள நொதியுடன் சேரும்போது நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. கருவி அதனை அளக்கிறது. அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் என்னும் இருவர் 1962-இல் வெளியிட்ட கருத்தே இதற்கு மூலம். காசநோய்க்கு நொதி பயன்படாது. அதற்குப் பதிலாக, கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பொருளைத் தகட்டின்மீது பதிக்கின்றனர். பூட்டில் அதற்குரிய சாவி மட்டுமே பொருந்துவது போன்றது இது. புரதம் வந்து ஒட்டியதும் தகட்டின் மின்னோட்டம் மாறுகிறது. ஃபரிதாபாத்திலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையமொன்றைச் சேர்ந்தோர் 2018-இல் வெளியிட்ட இத்தகைய சோதனை, சளியிலிருந்து அரை மணி நேரத்தில் விடை தந்தது.

அவ்வாறாயின் இது ஏன் இன்னும் நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் இல்லை? நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய நூறு மில்லி கிராம் உண்டு. சளியில் கிருமியின் புரதமோ மிக மிகச் சொற்பம். சளி கெட்டியானது, அதிலுள்ள வேறு பொருள்களும் தகட்டில் ஒட்டி ஏமாற்றும். ஆய்வுக்கூடத்தில் வென்றது, வெயிலிலும் தூசியிலும் பல ஆயிரம் பேரிடம் வெல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023-இல் தொடங்கிய காசநோயற்ற பஞ்சாயத்துத் திட்டம், மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு முப்பது பேரையேனும் ஆண்டுதோறும் சோதிக்கக் கோருகிறது. சிகிச்சை பெறுவோருக்கு மாதந்தோறும் வழங்கும் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்துள்ளது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோரை அங்கத்தினர்கள் தாமே அழைத்துச் செல்லலாம். ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லி அனுப்புதல் நலம்: காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியே வேண்டும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை.