கிழிந்த சேலை பேசுகிறது!

பழைய சேலை கிழிந்தால் என்ன செய்வோம்? பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவோம். அதற்கும் ஆகாவிட்டால் அடுப்படியில் கரித்துணி ஆக்குவோம்.

பீகார் மாநிலப் பெண்கள் அந்தச் சேலையைப் பேச வைத்துவிட்டார்கள்!

பிள்ளைக்கு ஒரு போர்வை

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிவைத்து, நெருக்கமாக நூல் ஓட்டித் தைப்பார்கள். இதற்கு "சுஜனி" என்று பெயர். பிறந்த குழந்தையை இதில்தான் சுற்றுவார்கள். பழஞ்சேலை மெத்தென்று இருக்கும் அல்லவா?

நாளடைவில் இந்த வழக்கம் மங்கியது. 1988-ம் ஆண்டில் விஜி சீனிவாசன் என்ற அம்மையார் பாட்னாவில் "அதிதி" என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உதவியுடன் பூசுரா நிர்மலா தேவி, ஊர்ப் பெண்களைத் திரட்டினார்.

ஊசி சொன்ன கதை

பூவும் பறவையும் தைத்த கைகள் வேறு படங்களையும் தைத்தன. வரதட்சணைக் கொடுமை. மனைவியை அடிக்கும் கணவன். வயிற்றிலேயே அழிக்கப்படும் பெண் சிசு.

வாயால் சொல்ல வெட்கம். சொன்னால் இன்னும் அடி விழுமோ என்று பயம். ஊசிக்கு வெட்கம் ஏது? பயம் ஏது?

கூடி உட்கார்ந்து தைக்கும்போது, "எனக்கு மட்டும்தான் இந்தக் கதி" என்ற எண்ணம் போய்விடுகிறது. கையில் நாலு காசும் சேருகிறது.

2025-ம் ஆண்டில் நிர்மலா தேவிக்கு "பத்மஸ்ரீ" விருது அறிவிக்கப்பட்டது.

சிலி நாட்டில்

தென் அமெரிக்காவில் சிலி நாட்டை 1973-ம் ஆண்டில் ராணுவம் பிடித்தது. பலர் கைதாகிக் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாயாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளைத் தைத்து, நடந்த கொடுமையைப் படமாக்கினார்கள். அவை ரகசியமாக வெளிநாடு போயின. உலகம் உண்மையை அறிந்தது!

நம் ஊரில்?

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பெண்களின் விரல் வேகம் யாருக்கு வரும்? வெடிக்குத் திரி செருகும். காகிதக் குழாய் உருட்டும். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும். ஆனால் வீட்டில் வாங்கிய அடியை முந்தானையால் மறைப்பவர்கள் எங்கும் உண்டு.

தாய்மார்களே, மறைக்க வேண்டாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ம் ஆண்டில் இயற்றிய சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டால் நீங்களும் தகவல் சொல்லலாம்.

யாராவது ஒருவர் சொன்னால்தானே விடியும்?