இடிச்ச கான்கிரீட் குப்பை இல்லீங்க!

பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறீங்களா? இடிபாடுகளை ஏரிக்கரையிலோ மழைநீர் வடிகால் ஓரத்திலோ கொட்டினால், அடுத்த மழையில் போக வழியில்லாத தண்ணீர் உங்க தெருவுக்குத்தான் வரும். அதையே உடைத்துச் சலித்தால் மறுபடியும் ஜல்லி கிடைக்கும். புதுசா மலையை உடைப்பதும் குறையும். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் இதற்கான ஆலைகள் உள்ளன.

எதில், எவ்வளவு கலக்கலாம்?

பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கு ஐ.எஸ். 383 : 2016 தர விதி தரும் அளவு:

• அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் லீன் கான்கிரீட் (எம்15-க்குக் கீழ்): 100% வரை
• கம்பி இல்லாத கான்கிரீட்: 25% வரை
• கம்பி கட்டிய கான்கிரீட்: 20% வரை, அதுவும் எம்25 தரம் வரை மட்டுமே

கவனிக்க வேண்டியது

இந்த ஜல்லியில் பழைய சிமென்ட் கலவை ஒட்டியிருக்கும். அது தண்ணீரை அதிகமா உறிஞ்சும். அதனால் முன்கூட்டியே நனைத்து வைக்கச் சொல்லுங்க. தூண், பீம் வேலைக்கு இன்ஜினியரைக் கேட்காமல் கலக்காதீங்க. வாங்கும்போது பரிசோதனைச் சான்றையும் கேளுங்க.

நீங்க செய்ய வேண்டியது

இடிக்கும்போதே கான்கிரீட், செங்கல், மரம், பிளாஸ்டிக், கம்பி எல்லாவற்றையும் தனித்தனியா குவியுங்க. மண்ணும் குப்பையும் கலந்துவிட்டால் நல்ல ஜல்லி கிடைக்காது. இடிபாடுகளை எங்கே ஒப்படைப்பது என்று சென்னைவாசிகள் 1913-இல் கேட்கலாம். மற்றவர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்கலாம். யாராவது தெருவில் கொட்டியிருந்தால் செல்போனில் படம் எடுத்து, ‘நம்ம சென்னை’ செயலியில் புகார் பதியுங்க.