பழைய காமிராவின் உழைப்பை அறிவது எப்படி?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. ஆனால் விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பாராது வாங்கும் உழவர் இலர். பிறர் பயன்படுத்திய டிஜிட்டல் காமிராவை வாங்குவோரும் அதன் உழைப்பை அறிந்தே வாங்குதல் வேண்டும். அதை அறிவிப்பது 'ஷட்டர் எண்ணிக்கை'.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தி பெரிதும் பயன்படும். திருமலை ஆலயத்தினுள் காமிராவுக்கு இடமில்லை. ஆயினும் மலைமீதும் அடிவாரத்திலும் நிகழும் திருமணங்கள் பல. அவற்றைப் படமெடுத்துப் பிழைக்க எண்ணும் இளைஞருள், புதுக் கருவியின் விலைக்கு அஞ்சிப் பழையதை நாடுவோர் உண்டு. கையிலிருக்கும் சேமிப்பு முழுவதும் அதற்கே செலவாகிறது. முகூர்த்த வேளையில் அக்கருவி நின்றுவிட்டால், தாலி கட்டுவதை மறுமுறை நடத்தச் சொல்ல இயலுமா?

ஷட்டர் என்பது ஒளியை உணரும் பகுதிக்கு முன்னுள்ள மெல்லிய திரை. படத்திற்கு ஒருமுறை அது திறந்து மூடும், நாளடைவில் தேயும். எத்தனை முறை இயங்குமெனச் சோதித்தனர் என்பதை உற்பத்தியாளர் அறிவிப்பதுண்டு. நிக்கான் டி750 காமிராவுக்கு 1,50,000. டி850 காமிராவுக்கு 2,00,000. பிலிம் சுருளில் 36 படங்களே அடங்கிய நாளில் கை தயங்கிற்று, இன்று தயங்குவதில்லை. திருமணத்திற்கு 1,000 படங்கள் எனக் கொண்டால், 100 திருமணங்களில் 1,00,000 ஆகிவிடும்.

இவ்வெண்ணிக்கையைப் படக் கோப்பின் பெயரில் தேடலாகாது. அவ்வெண் பொதுவாக 9999-ஐ எட்டியதும் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பிவிடும். நிக்கான், பென்டாக்ஸ் கருவிகள் பலவும் உண்மையான எண்ணிக்கையைப் படத்தினுள்ளேயே மறைவாகக் குறித்து வைக்கின்றன. உங்கள் முன்னிலையில் ஒரு படம் எடுக்கச் செய்து, அதைத் திருத்தாமல் கணினியில் ஏற்றி, 'எக்சிஃப்டூல்' என்னும் இலவச மென்பொருளால் படித்தால் அது புலப்படும். கேனான் கருவிகளுள் பெரும்பாலானவை இதனைப் படத்தில் எழுதுவதில்லை. கருவியையே கணினியோடு இணைத்து, அதற்குரிய மென்பொருளால் அறிய முயலலாம். அன்றேல் பழுது பார்க்கும் நிலையத்தாரை நாடலாம்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வாங்குவோர் மூலப் படத்தை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்க. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இக்குறிப்புகள் அழிந்துவிடும். படத்தில் கருவியின் வரிசை எண்ணும் பதிந்திருந்தால், அதனைக் கருவியின்மேல் பொறித்த எண்ணோடு ஒப்பிடுக. இன்றேல் வேறொரு காமிராவின் படத்தைக் கண்டு ஏமாற நேரலாம்.

எனினும் எண்ணிக்கை ஒன்றே தீர்ப்பாகாது. அறிவித்த அளவைக் கடந்தும் உழைக்கும் ஷட்டர் உண்டு. அதற்கு முன்பே முறிவதும் உண்டு. வீடியோ எடுக்கையில் திரை ஒவ்வொரு சட்டத்திற்கும் இயங்குவதில்லை. ஆகவே, மணிக்கணக்கில் வீடியோ எடுத்துத் தளர்ந்த கருவியும் குறைந்த எண்ணிக்கையையே காட்டக்கூடும். புது ஷட்டர் பொருத்தியதாகச் சொன்னால் அதற்குரிய ரசீதைக் கேட்டுப் பெறுக.

விற்பவர் நேர்மையாளராயின் இச்சோதனைக்கு மனம் கோணமாட்டார். சில நிமிடங்களில் முடியும் இவ்வேலையைப் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் செய்துவிடுவதே அறிவுடைமை.